நெனீலா தன் புருஷனை விடவே இல்ல

நெனீலா செத்து நாப்பதாம் நாள் விருந்து. பாதிரியார் கையில கோப்பையோட எந்திரிச்சு நின்னு, "இந்தத் தெருவுல பொறுமைன்னா அது நெனீலாதான். அடிச்ச புருஷனைக் கடைசி மூச்சு வரைக்கும் கழுவித் தொடைச்சுப் பார்த்தா. மன்னிச்சா, மறந்தா. பொண்ணுங்களா, அவளைப் பார்த்துக் கத்துக்கங்க"ன்னு பேசினாரு. என் வாயில தேன் ஊத்தின கோதுமைச் சோறு இருந்துச்சு. கரண்டியைக் கீழ வச்சுட்டேன்.

கழுவினா. தொடைச்சா. அது நெசம். மன்னிச்சாங்கறது பொய். மறந்தாங்கறது அதைவிடப் பெரிய பொய். இந்தப் பாதிரியார் புதுசா வந்தவரு, யாரோ சொன்னதைக் கேட்டுப் பேசறாரு, அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நெனீலாவை ஒரு பசுமாடு மாதிரி ஆக்கி, மூக்கணாங்கயிறு மாட்டி, இந்தக் காலத்துப் பொண்ணுங்க முன்னாடி ஓட்டிட்டுப் போறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. அவ எப்பேர்ப்பட்டவன்னு எனக்குத் தெரியும். நானும் அவளும் ஓரகத்திங்க. என் புருஷன் மூத்தவன், கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்துல மாஸ்கோ ஆத்துல ஐஸ் உடைஞ்சு வண்டியோட உள்ள போயிட்டான். அவ புருஷன் சிசோய் இளையவன். ஒரே முற்றம், ஒரே அடுப்பு. அந்த வீட்டுல நடந்தது எனக்குத் தெரியாம ஒண்ணு இல்ல.

அப்பல்லாம் பொண்ணும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து ஒரு பொம்பளை போவா. பொண்ணோட மூக்கைப் பார்ப்பா, நடக்க விடுவா, நாலு வார்த்தை பேச விடுவா. திரும்பி வந்து அவ சொல்றதுதான் மாப்பிள்ளைக்குக் கண்ணு. எங்க மாமியார் போனா. அங்க உக்கார வச்சிருந்தது யாரை? நெனீலாவோட தங்கச்சியை. மூஞ்சியில மாவு மாதிரி வெள்ளைப் பூச்சு, கன்னத்துல சிவப்பு, தலையில முத்துக் கோத்த பட்டம். மாமியார் வந்து, "பூத்த ஆப்பிள் மரம் எந்திரிச்சு நடக்கற மாதிரி இருக்குடா சிசோய்"ன்னா. கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல பொண்ணு மூஞ்சியில தொட்டில் துணி மாதிரி கெட்டியா ஒரு முக்காடு. படுக்கையறையில அதைத் தூக்கிப் பார்த்தா மூஞ்சி முழுக்க அம்மைத் தழும்பு. இடது இமை பாதி தொங்கிக்கிட்டு இருக்கு. அதுதான் நெனீலா.

பெரியவளைத் தள்ளிவிடாம சின்னவளுக்கு வழி இல்லைன்னு அவங்க அப்பன் செஞ்ச வேலை. எங்க ஊருல அது அதிசயமும் இல்ல. குட்டைப் பொண்ணை முக்காலி மேல நிக்க வச்சு, பாவாடையால முக்காலியை மூடிக் காட்டினவங்க உண்டு. ஏமாந்தவன் ஏமாந்ததுதான், கோயில்ல கட்டினது கட்டினதுதான். இந்தக் கூத்துக்கு அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துல ஜார் புதுச் சட்டம் போட்டாரு, பொண்ணும் மாப்பிள்ளையும் முன்னாடியே பார்த்துக்கணும், பிடிக்கலைன்னா கலைச்சுக்கலாம்னு. நெனீலாவுக்கு அது பயிரு காஞ்சப்புறம் வந்த மழை.

ஏமாத்தினது அப்பன். அடி வாங்கினது மக. எங்க கல்யாணத்துல பொண்ணோட அப்பன் ஒரு சின்னச் சவுக்கால மக முதுகுல ஒரு தட்டு தட்டி, "இதுவரைக்கும் நான் கண்டிச்சேன், இனிமே நீங்க"ன்னு மாப்பிள்ளை கையில குடுப்பான். மத்த வீட்டுல அது ஆணியில தொங்கித் தூசி படிஞ்சு கெடக்கும். எங்க வீட்டு ஆணியில தூசி படியல. சூப்புல உப்புக் கூடினா அடி. கொறைஞ்சாலும் அடி. சந்தையில எவனாவது அவன் பொண்டாட்டியைப் பத்திச் சிரிச்சான்னா அன்னிக்கு ரொம்ப அடி.

வயித்துல தங்கின ரெண்டும் அடியிலயே போச்சு. ரெண்டாவது பொம்பளைப் புள்ளை, முழுசா வளர்ந்த புள்ளை. நான்தான் துணியில சுத்திக் கையில குடுத்தேன். நெனீலா அழல.

"அவரு எங்கக்கா?"ன்னு கேட்டா.

"தூங்கறான்."

"தூங்கட்டும்"னா.

இவ இதை மனசுல வச்சிருப்பான்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.

வருஷம் ஓடுச்சு. ஊரு தலைகீழா மாறுச்சு. ஆம்பளைங்க தாடியை வழிச்சாங்க, ஜெர்மன் கோட்டு மாட்டினாங்க. மேல்மாடியில பூட்டி வச்சிருந்த பெரிய வீட்டுப் பொம்பளைங்களை எல்லாம் கீழ எறக்கி, கழுத்தும் தலைமுடியும் தெரியற மாதிரி உடுப்பு மாட்டி, நடன விருந்துக்குக் கூட்டிட்டு வரணும்னு உத்தரவு. தலைமுடி தெரியறதுன்னா எங்களுக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும். கல்யாணமானவ தலைத்துணியை ஒருத்தன் தட்டிவிட்டான்னா, அவ வழக்குப் போட்டு அபராதம் வாங்கலாம். அப்படி இருந்த ஊருல, "தட்டிவிடு"ன்னு அரசாங்கமே சொல்லுது.

சிசோய் அப்போ ஜாரோட கப்பலுங்களுக்குப் பாய்த்துணி நெய்து அனுப்பற பெரிய வியாபாரி. தாடியை மொத ஆளா வழிச்சவன். வழிச்ச மோவாய் உரிச்ச முள்ளங்கி மாதிரி இருக்கும். பெரிய வியாபாரிங்களையும் நடன விருந்துக்குக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. அவனையும் கூப்பிட்டாங்க. தனியாப் போனான். "பொண்டாட்டி எங்க?"ன்னு கேட்டிருக்காங்க. "உடம்பு சரியில்ல"ன்னுட்டு வந்துட்டான். மறுதடவையும் அதே கேள்வி, அதே பதில். மூணாந்தடவை எவனோ, "உம்ம பொண்டாட்டிக்கு என்னய்யா, பொறந்ததுலேர்ந்தே உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டுட்டான்.

மறுநாள் முட்டைக்கோஸ் சூப்பைக் குடிச்சுக்கிட்டே எங்கிட்ட சொன்னான்.

"அண்ணி, எனக்கு ஒரு பொண்டாட்டி வேணும்."

"உள்ள ஒருத்தி இருக்காளே."

"அவளா? அவளை வெளிய கூட்டிட்டுப் போனா குதிரை மிரளும்."

"இருவது வருஷமா நீ மிரளலையே, தம்பி."

கரண்டியைப் போட்டுட்டு என்னை முறைச்சான். விதவைங்கறதால என்னை அவனால ஒண்ணும் பண்ண முடியாது. என் புருஷன் பங்கு தறிக்கூடத்துல இருந்துச்சு. எங்க ஊருல பொம்பளைக்கு நாக்கு மொளைக்கறதே புருஷன் போனப்புறம்தான்.

அவன் மனசுல இருந்தது உஸ்தீன்யா. கையுறை வியாபாரி மக, பதினேழு வயசு, கையில விசிறி, வாயில ரெண்டு ஜெர்மன் வார்த்தை. அவளோட அப்பனும் சரின்னுட்டான். ஆனா உயிரோட ஒருத்தி இருக்கறப்ப இன்னொருத்தியைக் கோயில்ல கட்ட முடியாது. அதுக்கு நம்ம ஆம்பளைங்க ஆதியிலேர்ந்து ஒரு வழி வச்சிருக்காங்க. பொண்டாட்டியைக் கன்னியாஸ்திரி ஆக்கிடறது. அவளா விரும்பி மடத்துக்குப் போனதாப் பேரு. போனவ உலகத்துக்குச் செத்தவ. அப்புறம் இவன் புது மாப்பிள்ளை.

"விரும்பி"ன்னு சொல்ல வைக்கணும்ல, அதுக்குத்தான் அந்தக் கார்த்திகைக் குளிருல அவளை முற்றத்துக் கோடியில இருந்த குளியல் குடிசையில போட்டுப் பூட்டினான். அடுப்பு மூட்டல. சோறு போடல. தினமும் காலையில சவுக்கோட போவான், "சம்மதமா?"ன்னு கேட்பான், கொஞ்ச நேரத்துல வேர்த்து வெளிய வருவான். நான் புகை போற ஓட்டை வழியா ரொட்டி எறக்குவேன்.

ஒரு நாள் பகல்ல அந்த ஓட்டையில அவ குரல் கேட்டுச்சு. "அக்கா, உங்க அத்தை மடத்துல சேர்ந்தப்ப நீங்க கோயில்ல இருந்தீங்கல்ல? என்ன நடக்கும், சொல்லுங்க."

"என்னடி நடக்கும். வெள்ளைச் சட்டை ஒண்ணு, கால்ல ஒண்ணும் இல்ல, தலையை விரிச்சுப் போட்டுட்டுக் கூட்டிட்டு வருவாங்க. நீயா விரும்பி வந்தியான்னு பாதிரியார் கேப்பாரு. அப்புறம் கத்தரிக்கோலைத் தரையில போடுவாரு. நீ குனிஞ்சு எடுத்து அவரு கையில குடுக்கணும். மறுபடி போடுவாரு, மறுபடி எடுத்துக் குடுக்கணும். மூணு தடவை. யாரும் வற்புறுத்தல, இவளேதான் குடுக்கறான்னு சாமிக்குத் தெரியறதுக்கு. மூணாந்தடவை குடுத்ததும் முடியை வெட்டுவாரு. அவ்வளவுதான்."

உள்ள ரொட்டி மெல்லற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"குடுக்கலைன்னா?"

"குடுக்காதவளை நான் பார்த்ததில்லடி."

இன்னும் கொஞ்சம் மென்னா. அப்புறம், "அவருகிட்ட சொல்லிடுங்கக்கா. எனக்குச் சம்மதம்"னா.

சிசோய் மூஞ்சியைப் பார்க்கணுமே. மடத்துக்கு மெழுகு, உப்புல ஊறப்போட்ட மீனு, ஒரு வண்டி நிறைய துணி எல்லாம் அனுப்பி வச்சான். புதுசா சேர்றவளைக் கொஞ்ச காலம் வச்சுப் பார்க்கணும்ங்கற விதியை எல்லாம் அந்த மீனு தின்னுடுச்சு. நாள் குறிச்சாங்க. கோயில் நிறையக் கூட்டம். சிசோய் முன்னாடி நின்னான், வழிச்ச மோவாய்ல எண்ணெய் தடவிக்கிட்டு. கையுறை வியாபாரி கூடப் பின்னாடி தூணோரமா நின்னான், மாமனார் ஆகப் போறான்ல.

நெனீலாவைக் கூட்டிட்டு வந்தாங்க. வெள்ளைச் சட்டை, வெறுங்காலு. முடி இடுப்பு வரைக்கும் விரிஞ்சு கெடக்கு. அவளுக்கு அவ்வளவு முடி இருக்குன்னு அன்னிக்குத்தான் ஊரு பார்த்துச்சு.

கத்தரிக்கோல் விழுந்துச்சு. எடுத்துக் குடுத்தா.

ரெண்டாந்தடவை விழுந்துச்சு. எடுத்துக் குடுத்தா. பயந்துட்டாளோ, இல்ல மனசு மாறிடுச்சோன்னு நெனைச்சேன். சிசோய் மூச்சு விடற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

மூணாந்தடவை விழுந்துச்சு. நெனீலா குனிஞ்சு எடுத்தா. நிமிர்ந்தா. பாதிரியார் கையை நீட்டிக்கிட்டே நிக்கறாரு. அவ குடுக்கல.

"குடும்மா"ன்னாரு.

"எதுக்குங்க சாமி?"

"நீயா விரும்பித்தானே வந்திருக்கே."

"இல்லைங்களே."

மடத்துத் தலைவி, "பயத்துல ஒளர்றா, நீங்க முடியை வெட்டுங்க"ன்னு பல்லைக் கடிச்சா. நெனீலா திரும்பி நின்னு, சட்டையைத் தோள்லேர்ந்து எறக்கினா. குளியல் குடிசையில வாங்கினது எல்லாம் கறுப்பும் பச்சையுமா முதுகுல இருந்துச்சு. சில எடத்துல இன்னும் ஈரம். "இது முந்தா நாள் வாங்கின சம்மதம். இது அதுக்கு முந்தின நாளு. சாமி எண்ணிப் பார்த்துக்கங்க"ன்னா.

அந்த வருஷம் திருச்சபைக்கு மேல ஜார் புதுசா ஒரு மன்றம் வச்சிருந்தாரு. வற்புறுத்தித் துறவி ஆக்கினாங்கன்னு புகார் போனா பாதிரியாரோட அங்கியைப் பிடுங்கிடுவாங்கன்னு எல்லாருக்கும் பயம். இந்த ஆளு கையை மடக்கி உள்ள வச்சுக்கிட்டாரு. "செல்லாது. கூட்டிட்டுப் போங்க"ன்னுட்டுப் பலிபீடத்துக்குப் பின்னாடி போயிட்டாரு. கையுறை வியாபாரியைத் தூணோரம் தேடினேன், ஆளைக் காணோம்.

நெனீலா அப்படியே வெளிய நடந்தா. நான் என் சால்வையைத் தலையில போடப் போனேன், வேண்டாம்னு காலைக் காட்டினா. என் பூட்ஸை மட்டும் வாங்கி மாட்டிக்கிட்டா. சந்தை வழியாத்தான் வீடு. வெறுந்தலையோட, விரிஞ்ச முடியோட, பனியில நடக்கறா. மீன்காரி ஒருத்தி, "ஏ நெனீலா, தலைத்துணியைக் காக்கா தூக்கிட்டுப் போச்சாடி?"ன்னு கத்தினா. "நனைஞ்சப்புறம் முக்காடு எதுக்கு?"ன்னுட்டு நிக்காமப் போனா.

வீட்டுல சிசோய் சவுக்கை எடுத்தான். அதுவரைக்கும் அவனை "நீங்க"ன்னுதான் சொல்லுவா. அன்னிக்கு, "அடி"ன்னா. "என் முதுகை ஊரே பார்த்தாச்சு. புதுசா ஒண்ணு விழுந்தா அந்த மன்றத்துக்குப் போய் இதே மாதிரித் திரும்பி நிப்பேன். உங்கிட்ட பாய்த்துணி வாங்கற கப்பல்காரங்க காதுக்கும் போகும். அடி, சும்மா நிக்காத."

அவன் அடிக்கல. சவுக்கைக் கீழ போட்டான்.

"என்னதான்டி வேணும் உனக்கு?"

"நீதான்" அப்படின்னா. "கோயில்லயே தீர்ந்துபோச்சுல்ல, நான்தான் உன் பொண்டாட்டின்னு. அடுத்த நடன விருந்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

அவன் சிரிச்சான் பாருங்க, அழற மாதிரி ஒரு சிரிப்பு. கூட்டிட்டுப் போக மாட்டேன்னுட்டான். சரின்னுட்டா. சண்டையில பிடிபட்டு வந்த ஸ்வீடன்காரன் ஒருத்தன் எங்க பக்கத்துல வியாபாரிங்க புள்ளைங்களுக்கு ஆடக் கத்துக் குடுத்துக்கிட்டு இருந்தான். அவனுக்கு ஒரு காலு நொண்டி. அவனைத் தறிக்கூடத்துக்கு வரவழைச்சா. முட்டையும் வெண்ணெயும் குடுத்து நெதம் ஆடினா. "குதிகாலைத் தூக்குங்க, குதிகாலைத் தூக்குங்க"ன்னு அவன் ஒரு காலைத் தூக்கிக் காட்டி விழுவான். தறியில இருந்த பொம்பளைங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. நெனீலா சிரிக்கல. வேலை கத்துக்கற மாதிரி கத்துக்கிட்டா.

ஜெர்மன் உடுப்பு தைச்சோம். நான்தான் முதுகுக் கயிறை இழுத்துக் கட்டினேன். ஆறின காயம், இடுப்பை இறுக்க உடுப்புக்குள்ள வச்சுத் தைச்ச அந்தத் திமிங்கல எலும்புக்குள்ள எப்படி வலிச்சிருக்கும்னு எனக்குத் தெரியும், "இன்னும் இறுக்குங்கக்கா"ன்னா. "மூஞ்சிக்குப் பூச்சு போடட்டுமாடி?"ன்னேன். "வேண்டாம். தழும்பு ஒண்ணொண்ணும் தெரியணும்"னா. பழைய காலத்துல அழகுக்குன்னு பொம்பளைங்க பல்லைக் கறுப்பாக்கிக்குவாங்க, அவ பல்லுல அந்தக் கறுப்பு ஏறியிருந்துச்சு. சுண்ணாம்பு போட்டுத் தேய்ச்சுப் பார்த்தோம், போகல. "இருக்கட்டுங்க்கா, அவனுக்கு அதுவும் சேர்த்து."

விருந்து ஒரு கர்னல் வீட்டுல. சிசோய் முன்னாடியே தனியாப் போயிட்டான். நாங்க பின்னாடியே பனிவண்டியில போனோம். பொம்பளைங்களைத் தடுக்கக் கூடாதுன்னு உத்தரவு, வாசல்ல இருந்த சிப்பாய் சலாம் வச்சான். நான் வேலைக்காரங்களோட கதவுக்குப் பக்கத்துல நின்னேன். அவ உள்ள போனா, வெறுந்தலையோட, தழும்போட. கர்னல் வந்தாரு. "அம்மா யாரு?"

முழங்காலை மடக்கி வணக்கம் சொன்னா, ஸ்வீடன்காரன் சொல்லிக் குடுத்த மாதிரியே. "பாய்த்துணி வியாபாரி சிசோயோட சம்சாரங்க. உடம்பு சரியில்லைன்னு சொல்லியிருப்பாரு. இப்பச் சரியாயிடுச்சு."

அந்த விருந்துங்கள்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. ஒரு ஆட்டத்துல பொம்பளைங்கதான் ஆம்பளையைத் தேர்ந்தெடுக்கணும். கூப்பிட்டா மறுக்கக் கூடாது. மறுத்தா ஒரு பெரிய கோப்பை வரும், குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெருசு. அது நிறையச் சாராயம். சொட்டு மிச்சம் வைக்காமக் குடிக்கணும். சிசோய்க்குச் சாராயம் ஆகாது. ரெண்டு மடக்குக்கே மூஞ்சி பீட்ரூட் ஆகி, நெத்தி நரம்பு பொடைச்சுக்கும். நெனீலாவுக்குத் தெரியாதா? இருவது வருஷம் அவன் எச்சித் தட்டைக் கழுவினவ.

நேரா அவன் முன்னாடி போய் நின்னு முழங்காலை மடக்கினா. அவன் "கால்வலி"ன்னான். கர்னல் கையைத் தட்டினாரு, கோப்பை வந்துச்சு. கோப்பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எந்திரிச்சுட்டான்.

ஆடினாங்க. ஆடினாங்கன்னா, அவ ஆடினா, அவன் கூடவே இழுபட்டான். யாரோ, "அரைக்கிற கல்லு ரெண்டு சுத்துதுடா"ன்னான். உஸ்தீன்யா விசிறிக்குப் பின்னாலேர்ந்து அவ அப்பன்கிட்ட, "இந்த ஆளையா எனக்குப் பார்த்தீங்க? நல்லவேளை, தலை மேல ஏற்கெனவே ஒருத்தி உக்காந்திருக்கா"ன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு. அவனுக்குக் கேட்காம இருக்குமா. நெனீலா மட்டும் சிரிச்ச மூஞ்சியா அவன் காதுகிட்ட என்னமோ பேசிக்கிட்டே இருந்தா. மத்தவங்க பார்த்தா புதுசாக் கட்டினவங்க கொஞ்சற மாதிரி இருக்கும்.

வண்டியில வர்றப்பக் கேட்டேன். "என்னடி பேசினே அவ்வளவு நேரம்?"

"ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு அடியைச் சொன்னேங்க்கா. எந்த நாளு, எதுக்கு, எங்க விழுந்துச்சுன்னு. இன்னும் நிறைய மிச்சம் இருக்கு."

அந்தக் குளிர்காலம் பூரா ஒரு விருந்தையும் விடல. அவன் போகாம இருக்கவும் முடியாது, வரலைன்னா மேல இருக்கறவங்க ஏன்னு கேப்பாங்க, பாய்த்துணி போயிடும். போனா அவ வந்து முன்னாடி நிப்பா. ஊருல அவனைப் பார்த்தா ஆம்பளைங்க முழங்காலை மடக்கிக் காட்ட ஆரம்பிச்சாங்க. சவுக்குத் தூக்கின கையால அவ இடுப்பைப் பிடிச்சு ஆட வேண்டியதாச்சு. எனக்கு? எனக்குத் திருப்தியா இருந்துச்சு. ஒவ்வொரு விருந்துக்கும் நானே போய் அவ கயிறை இழுத்துக் கட்டினேன்.

நோன்புக்கு முந்தின வாரம், அப்பமும் வெண்ணெயுமா ஊரே தின்னுக்கிட்டு இருந்த நேரம். அவ போய் முன்னாடி நின்னா. அவன் தலையை ஆட்டினான். "அந்தக் கோப்பையையே கொண்டாங்க"ன்னான். குடிச்சான். நெனீலா கையைக் கட்டிக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தா. பாதியில நிறுத்தினான். "மிச்சம் இருக்கே"ன்னா. முழுசாக் குடிச்சான். ஒரு நிமிஷம் நின்னான், வாய் ஒரு பக்கமாக் கோணிச்சு, சாஞ்சுட்டான்.

சாகல. வலது பக்கம் பூரா போச்சு. அவ வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து, நடுக் கூடத்துல, போறவங்க வர்றவங்க எல்லாம் பார்க்கற மாதிரிப் படுக்கை போட்டா. கழுவினது தொடைச்சது எல்லாம் இந்தக் காலத்துலதான். தறிக்கூடத்தை எடுத்து நடத்தினா. கப்பல்காரங்க மொதல்ல, "பொம்பளைகிட்ட என்ன பேசறது"ன்னாங்க. துணியைக் கிழிச்சுப் பாருங்கன்னு முன்னாடி போட்டா. கிழியல. அப்புறம் பேசினாங்க. வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம் அவன் படுக்கைக்குப் பக்கத்துல நின்னுதான் வியாபாரம் பேசுவா. அவன் கேட்டுக்கிட்டே கெடக்கணும்.

ரெண்டாவது குளிர்காலம் முடியற நேரத்துல அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, இனி இல்லைன்னு. பாதிரியாரைக் கூப்பிடுன்னு சைகை காட்டினான். அப்ப இருந்தவர் நல்ல கிழவரு. கோணல் வாயில சிசோய் கேட்டது ஒண்ணுதான். சாகறதுக்கு முன்னாடி துறவி ஆகணும். படுக்கையிலயே அங்கி மாட்டி, புதுப் பேரு வச்சுக்கிட்டுச் செத்தா, பழைய பாவம் பழைய பேரோட போயிடும்னு நம்ம ஆளுங்க நம்பிக்கை. எத்தனையோ பேரு அப்படிப் போயிருக்காங்க.

பாதிரியார் நெனீலாவைப் பார்த்தாரு. "அம்மா, உன் சம்மதம் வேணும்."

"குடுக்கலைன்னா?"

"பொண்டாட்டி உயிரோட இருக்கறப்ப அவ சம்மதம் இல்லாமச் செல்லாது."

"அப்பச் செல்லாதுங்க."

"சாகப் போறவன்மா."

"தெரியுங்க. தெனமும் துணி மாத்தறது நான்தானே."

கிழவர் நயமா எவ்வளவோ சொன்னாரு. ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருக்காரு, ஒரு வார்த்தைதானே, அவன் ஆத்துமாவைக் கொஞ்சம் நெனைச்சுப் பாருன்னாரு. நெனீலா அவன் மோவாயில வழிஞ்ச எச்சியைத் துணியால தொடைச்சுக்கிட்டே பேசினா, சத்தம் போடாம.

"நெனைச்சுத்தான் சொல்றேன் சாமி. அங்கியை மாட்டிட்டா இவன் எனக்குப் புருஷன் இல்ல, என் புள்ளைங்களுக்கு அப்பனும் இல்ல. ரெண்டு புள்ளைங்க அங்க இருக்கு, பேரு கூட வைக்காமப் போனதுங்க. இவன் போய் நிக்கறப்ப அதுங்களுக்கு அடையாளம் தெரியணும். வேற பேரு, வேற துணின்னு வேஷம் மாத்திக்கிட்டு அதுங்களைத் தாண்டிப் போகக் கூடாது. எம் புருஷனாவே போகட்டும்."

சிசோய் நல்ல கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தான். "அண்ணி... சொல்லுங்க..."

"நான் என்ன தம்பி சொல்ல"ன்னேன். "அவ உன் பொண்டாட்டி."

பாதிரியார் பாவமன்னிப்பு மட்டும் குடுத்துட்டு எந்திரிச்சுப் போனாரு. ஆத்துல ஐஸ் உடையற வாரத்துல அவன் போயிட்டான். சிசோய்ங்கற பேரோடயே, சாதாச் சட்டையோடயே புதைச்சோம். கல்லறையிலேர்ந்து வந்ததும் நெனீலா பூட்ஸைக் கழட்டி அடுப்போரம் வச்சா. எனக்குக் கொஞ்சம் கஞ்சி ஊத்துங்கக்கான்னா. குடிச்சா. பெஞ்சுல சாஞ்சவ, தறிக்கூடத்து ஆளுங்க சாயங்காலம் வந்து கதவைத் தட்டற வரைக்கும் தூங்கினா. அவளை எழுப்ப வேண்டாம்னு நானே போய்ப் பேசி அனுப்பினேன்.